பிள்ளைகளோடு காமிக் கானுக்குப் போகும் பெற்றோருக்கு: ஒரு தையல்கார அம்மாவின் குறிப்புகள்

காமிக் கான் என்பது காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்கள் பிடித்த கதாபாத்திரம் போல் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிற விழா. சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நடந்தது. டெல்லியில் 2011-லேயே தொடங்கி, பெங்களூரு, ஹைதராபாத் என்று சுற்றிவிட்டு அப்புறம்தான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமும் அதே பிப்ரவரி, அதே இடம். வீட்டில் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை இருந்தால் பொங்கல் முடிந்த கையோடு பேச்சு ஆரம்பித்துவிடும். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். அங்கே பேசப்படுகிற கதை எதுவும் தெரியாது, பிள்ளையைத் தனியாக அனுப்பவும் மனசு வராது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாவது, மகன் நாலாவது. கதை தெரியாததை ஒரு குறையாக நினைக்கவேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. அந்த இடத்தில் விவரம் தெரிந்த ஆள் உங்கள் பிள்ளை. எங்கே போகலாம், யார் என்ன வேஷம், எதைப் பார்க்காமல் வரக்கூடாது என்பதையெல்லாம் அவள் சொல்லட்டும். தண்ணீர், சாப்பாடு, காசு, பத்திரம் எல்லாம் நம் தலையில். இந்தப் பிரிவினை சரியாக இருந்தால் நாள் நன்றாகப் போகும்.

போவதற்கு முன்னால் கதை கேளுங்கள்

எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், முடியாது. ஒன் பீஸ் என்ற ஒரு தொடர் மட்டுமே ஆயிரம் எபிசோடைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 1997-ல் ஜப்பானில் ஒரு வார இதழில் தொடங்கிய கதை அது. பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி, ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "இதுல அப்படி என்னடி இருக்கு?" என்றால் பதில் வராது. "இவன் யாரைத் தேடிப் போறான்? அவனுக்கும் இவனுக்கும் என்ன சண்டை? இந்தப் பொண்ணோட அம்மா எங்கே?" என்று ஆட்களைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லுவார்கள். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டும் நேரத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பேன். என் கண் துணியில் இருக்கும், அவளுக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய சங்கடம் இல்லை. பதிமூன்று வயசில் அது பெரிய சௌகரியம்.

பதிலுக்கு நம் காலத்துக் கதையையும் சொல்லவேண்டும். என் மாமா சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய பதிப்பகம். அதில் வரும் இரும்புக்கை மாயாவிக்கு உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், அந்த இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். இதைச் சொன்னதும் மகன் கண்ணை அகல விரித்தான். "அப்ப நான் அந்தக் கையை மாட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றான். அக்காவுக்கு ஜப்பான் வேஷம், தம்பிக்குச் சிவகாசி வேஷம் என்று முடிவானது.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறு தனித்தனி டிக்கெட், எத்தனை வயசிலிருந்து எடுக்கவேண்டும் என்பதெல்லாம் டிக்கெட் பக்கத்திலேயே இருக்கும். காசு கட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள். பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் சேர்த்து விலை கூடுதலாக ஒரு டிக்கெட்டும் விற்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு அது தேவையில்லை. சாதாரண டிக்கெட்டுக்கே ஒரு காமிக்ஸும் போஸ்டரும் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வேஷம்

வேஷம் கட்டாயமில்லை. பிள்ளைக்குக் கூச்சம் என்றால் பிடித்த படம் போட்ட ஒரு டி-ஷர்ட் போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆசையாகக் கேட்கிற பிள்ளைக்கு மறுக்காதீர்கள். ரெடிமேடாக ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் மெல்லிய பாலியெஸ்டர் வரும். பிப்ரவரியிலேயே சென்னையில் மத்தியானம் வேர்க்கும். ஹாலுக்குள் ஏசி இருந்தாலும் வாசல் வரிசை வெயிலில்தான். அதனால் பாப்ளின் எடுங்கள். சாட்டின் போட்டோவில் பளபளக்கும், உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கலாம், இல்லாவிட்டால் உங்கள் ஊர் லைனிங் கடையே போதும்.

மகளுக்குப் பச்சையும் கறுப்பும் கட்டம் போட்ட ஜப்பானிய மேலங்கி வேண்டும் என்றாள். அனிமே பார்க்கிற பிள்ளைகள் இந்த வரியைப் படித்ததுமே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். தைக்க இதைவிடச் சுலபமான உடை கிடையாது. கை வளைவு வெட்டவேண்டாம், டார்ட் என்கிற பிடிப்பு மடிப்பு இல்லை, கழுத்தும் நேர்ப்பட்டைதான். இரண்டு முன்பாகம், ஒரு பின்பாகம், இரண்டு அகலக் கை, எல்லாமே நீள்சதுரம். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு மூன்று மீட்டர் தாராளம்.

கட்டம்தான் வேலை வாங்கும். அந்த அளவில் கட்டம் அச்சிட்ட துணி கடையில் எனக்குக் கிடைக்கவில்லை. பச்சை பாப்ளினை வெட்டி, தைப்பதற்கு முன்பே தரையில் விரித்து, கறுப்பு ஃபேப்ரிக் பெயின்டால் கட்டம் போட்டோம். ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அதில் இரண்டரை அங்குலச் சதுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி எடுத்துக்கொண்டால் ஒரே தடவையில் நாலைந்து கட்டம் விழும். ஸ்பாஞ்சைப் பெயின்டில் தொட்டு, பேப்பரில் ஒத்தி, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில்தான் துணியில் ஒத்தவேண்டும். ஈரம் கொஞ்சம் கூடினாலும் ஃபிலிமுக்கு அடியில் புகுந்து ஓரம் கசியும். ஒரு வரிசை காய்ந்த பிறகே பக்கத்து வரிசை. மறுநாள் பின்பக்கமாகத் திருப்பி, மேலே வெள்ளைத் துணி போட்டு அயர்ன் பண்ணினால் சாயம் நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குப் போகும். பிள்ளையையும் உட்காரவைத்துச் செய்யுங்கள், அவள் போட்ட கட்டம் எது என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

தையல்காரியாக இரண்டு விஷயத்தை வற்புறுத்திச் சொல்வேன். முதலாவது பாக்கெட். அந்தக் கதை உடைகளில் பாக்கெட்டே இருப்பதில்லை. உள்பக்கம் இடுப்புக்கு மேலே ஜிப் வைத்து ஒரு பாக்கெட் தைத்துவிடுங்கள். போன், நூறு ரூபாய் நோட்டுகள், உங்கள் நம்பர் எழுதிய சீட்டு எல்லாம் அதற்குள் போய்விடும். இன்னொன்று உயரம். தரையில் புரளுகிற மாதிரி படத்தில் இருந்தாலும் கணுக்காலுக்கு மேலே நாலு அங்குலம் ஏற்றியே மடியுங்கள். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் பின்னால் வருபவர் மிதித்தால் தோள் தையலோடு பிரியும்.

மகனுடைய இரும்புக் கைக்குத் துணிக் கையுறையும் மூன்று மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டும் போதும். ஃபோமைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, விரல் மூட்டு வரும் இடத்தில் இடைவெளி விட்டு ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் கையை மடக்க முடியாது. அதன் மேல் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அப்புறம் வெள்ளி பெயின்ட். ஃபெவிகால் இல்லாமல் நேராக அடித்தால் ஃபோம் பெயின்டைக் குடித்துவிடும், மங்கலாக நிற்கும். குளூ கன் நம் கையில் இருக்கட்டும், அது சுட்டால் கொப்புளம் நிச்சயம்.

கத்தி, வில், கோடாரி எதுவானாலும் அட்டையிலோ ஃபோமிலோ மட்டும் செய்யுங்கள். உலோகமும் கூர்முனையும் கூடாது, வாசலில் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஆசையாகச் செய்ததை வாசலிலேயே பறிகொடுத்தால் பிள்ளைக்கு அன்றைய நாளே போய்விடும். விக் வைப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும். அரிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டால் சொந்த முடியிலேயே ஏதாவது செய்துகொள்ளலாம்.

பையில் ஊக்கு, நூல் கோர்த்த ஊசி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வாசலில் நிறுத்தலாம். ஹாலுக்குள் ஒரு காலேஜ் பெண், பெரிய அட்டை இறக்கைகளோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கத் தோள்பட்டி அறுந்துவிட்டது, இறக்கையைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்கிறாள், மேடையில் போட்டிக்குப் பெயர் கூப்பிடுகிற நேரம். "திரும்பும்மா" என்று சொல்லி, பட்டியை மடித்து, இரட்டை நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிட்டேன். என் மகள் போன் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் ஓடியபிறகு, இந்த வேஷம் கட்டும் பழக்கம் எப்படி வந்தது என்று மகள் சொன்னாள். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மனும் மிர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல் உடுத்திக்கொண்டு வந்தார்களாம். இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்டில். அவர் பெயரைப் பெரிதாக யாரும் சொல்வதில்லை என்று அவளுக்கு வருத்தம். எனக்கும்தான்.

போய்ச் சேர்வது

மின்சார ரயிலில் வருகிறவர்கள் பரங்கிமலையில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்கலாம். மெட்ரோவில் வந்தால் ஆலந்தூரிலோ பரங்கிமலையிலோ இறங்கலாம். டிரேட் சென்டர் இருக்கிற மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் நெருக்கடி அதிகம், கார் எடுப்பதைத் தவிருங்கள். வீட்டிலேயே உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது, அங்கே பாத்ரூமில் உடை மாற்ற வரிசை நிற்கும். ரயிலில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பிள்ளை தயங்கினால் மேலே ஒரு தொளதொளச் சட்டை போட்டுவிடுங்கள். காலில் பழகின செருப்பு அல்லது ஷூ. புதுசு வேண்டாம்.

உள்ளே

நுழைந்ததும் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று நடந்துவிடுங்கள். அப்போதே ஒரு தூணையோ பெரிய பேனரையோ காட்டி, வழி தவறிப்போனால் அங்கே வந்து நிற்கவேண்டும் என்று சொல்லிவைக்கலாம். கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கையில் ரொக்கம் வேண்டும். நான் ஆளுக்கு இவ்வளவு என்று நூறு ரூபாய் நோட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். எதை வாங்கினாய், ஏன் வாங்கினாய் என்று கேட்க மாட்டேன். இந்த ஏற்பாட்டுக்கு அப்புறம் கடைக்குக் கடை நடக்கிற கெஞ்சலும் அழுகையும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

பெரிய கம்பெனிகளின் ஸ்டாலில் சக்கரத்தைச் சுற்றினால் ஸ்டிக்கர் கிடைக்கும், கேம் ஆடினால் பை கிடைக்கும் என்று வரிசை நீண்டிருக்கும். ஒரு ஸ்டிக்கருக்காக முக்கால் மணி நேரம் போய்விடும். ஏதாவது ஒரு வரிசையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், மற்றதை விட்டுவிடலாம்.

அந்த நேரத்தை ஓவியர்களின் மேஜைகளுக்குக் கொடுங்கள். சின்ன மேஜையில் தாங்களே வரைந்த பிரின்ட், ஸ்டிக்கர், கீசெயின் வைத்துக்கொண்டு இளம் ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாளி ட்ரீம் கிரியேஷன்ஸ், ஹோலி கௌ போன்ற இந்தியக் காமிக்ஸ் பதிப்பகங்களும் இந்த விழாக்களில் கடை போடுகிறவர்கள்தான். பிள்ளை வரைகிறவளாக இருந்தால் அவளுடைய நோட்டை எடுத்து வரச்சொல்லுங்கள். என் மகள் ஒரு மேஜை முன்னால் போய் நின்றாள், பேச வாய் வரவில்லை. அங்கிருந்த பெண்ணே "நீ வரைவியா? காட்டு" என்று நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு முகத்தின் மேல் பென்சிலை வைத்து, "கண்ணு ரெண்டும் ஒரே கோட்டுல இல்லை பாரு. மொதல்ல இப்படி ஒரு குறுக்குக் கோடு போட்டுக்கோ" என்று லேசாகப் போட்டுக் காட்டினாள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. டிக்கெட் காசு எனக்கு அங்கேயே வரவாகிவிட்டது. இப்படிப்பட்டவர்களிடம் முடிந்தால் ஒரு சின்ன பிரின்டாவது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். கேட்காமல் அவர்கள் படங்களைப் போனில் எடுப்பதும் சரியில்லை.

மாங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகம் கேட்டால், அது வலமிருந்து இடமாகப் படிக்கிற புத்தகம் என்பதால், நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதற்கு முன்னட்டை. மாங்காவை ஆங்கிலத்தில் போடுகிற விஸ் பதிப்பகத்தின் புத்தகங்களில் அட்டையிலேயே வயசுக் குறிப்பு இருக்கும்: எல்லோருக்கும், பதின்வயதினருக்கு, மூத்த பதின்வயதினருக்கு, பெரியவர்களுக்கு என்று நாலு வகை. ஒரே கடையில் எல்லா வகையும் கலந்து கிடக்கும். காசு கொடுப்பதற்கு முன் அதை மட்டும் பாருங்கள், கதை என்ன என்று ஆராயத் தேவையில்லை. சில கடைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வாத போஸ்டர்களும் தொங்கும். நான் அங்கே நிற்காமல் பேசிக்கொண்டே கடந்துவிடுவேன். மகள் பின்னால் கேட்டால் நேராகப் பதில் சொல்வேன்.

போட்டோ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வேஷம் போட்டவரைப் படம் எடுக்குமுன் கேட்கவேண்டும், உடையையோ விக்கையோ தொடக்கூடாது. இதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதே மரியாதை நம் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும். இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, தோளில் யாரும் கை போடத் தேவையில்லை என்று வீட்டிலேயே பேசி ஒத்திகை பார்த்துவிடுங்கள். அங்கே நீங்கள் இரண்டடி தள்ளி, பிள்ளையின் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். பதின்வயசுப் பெண்ணின் அம்மாவாகச் சொல்கிறேன், பாவாடை மாதிரி உடை என்றால் உள்ளே முட்டி வரை ஷார்ட்ஸ் தைத்துவிடுங்கள். கூட்டத்தில் உட்கார எழுந்திருக்க நிம்மதி.

என் மகனை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் "நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள், அவன் முகம் சுருங்க ஆரம்பித்தது. அப்போது தன் சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், என்னைவிடப் பத்து வயசு பெரியவராக இருப்பார், சட்டென்று நின்றார். "டேய், இரும்புக்கை மாயாவியாடா நீ?" என்றார். அவன் தலையாட்டினான். அவர் பெண்ணைக் கீழே இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "மேடம், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். "அவன்கிட்டயே கேளுங்க சார்" என்றேன். அவன் சரியென்று கையை நீட்டிக் காட்டினான். அதற்கப்புறம் அவரைப் போல இன்னும் சில அப்பாக்கள் வந்தார்கள், தம் பிள்ளைகளுக்கு மாயாவியின் கதையை அங்கேயே நின்று சொன்னார்கள்.

ஏழு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முகமூடி பயம் வரலாம். ரத்தக் காயம் வரைந்த வேஷங்கள் உண்டு, தலை முழுக்க மூடிய ராட்சத ஹெல்மெட்டுகள் உண்டு, மேடையில் ஸ்பீக்கர் அலறும். அழுதால் "ஒண்ணுமில்லை" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வெளியே சத்தமில்லாத இடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொல்லுங்கள். கேட்டால் பல பேர் முகமூடியைக் கழற்றிச் சிரித்தே காட்டுவார்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று மட்டும் வாசலில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை மத்தியானக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், பன்னிரண்டு மணிக்கே பசிக்கிறதா என்று கேட்டு உட்காரவைத்துவிடலாம். உள்ளே விற்கிற சாப்பாடு விலை கூடுதல்தான். வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா என்று விதிமுறையில் பாருங்கள், இல்லையென்றால் காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள். உட்கார நாற்காலி குறைவு, ஒரு பழைய துப்பட்டா பையில் இருந்தால் தரையில் விரித்துக்கொள்ளலாம்.

மூடும் நேரம் வரை நிற்காதீர்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே வரும்போது ஆட்டோ கிடைக்காது, கேட்கிற ரேட்டும் ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்கே, இன்னும் ஒரே ஒரு கடை என்று பிள்ளையே தேர்ந்தெடுக்க விட்டு, அதை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேஷ உடையைச் சுருட்டிப் போடாமல் ஹேங்கரில் மாட்டுங்கள். பெயின்ட் அடித்த துணியை மெஷினில் போடவேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். இரும்புக் கையில் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் மறுபடி ஒரு கோட் ஃபெவிகால் அடித்து, அதன் மேல் பெயின்ட் தொட்டுவிட்டால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். விரல் கொஞ்சம் நீண்டிருக்கும், கையுறையை மட்டும் மாற்றவேண்டி வரும்.